வண்டிச் செலவும் வீட்டுக் கணக்கும்



குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் ஆனி, ஆடி மாதங்களில் நம் வட்டாரத்து ஒர்க்ஷாப்புகளுக்கும் சீசன் தொடங்கிவிடுகிறது. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டைப் பகுதிகளில் நம்மவர் வீடுகள் பலவற்றில் கார் நிற்கிறது. ஓட்டுகிறவர்தாம் ஊரில் இல்லை. அவர் ஷார்ஜாவிலோ தம்மாமிலோ உழைத்துக்கொண்டிருக்கிறார். பத்து மாதம் உறை போர்த்தி நின்ற வண்டி, அவர் விடுமுறையில் வந்திறங்கியதும் ஐந்தருவிக்கும் ஆரியங்காவு கணவாய்க்கும் குடும்பத்தையே சுமந்து செல்ல வேண்டும். ஆகவே, அவர் வருவதற்கு முன்பே வீட்டிலுள்ள பெண்கள் அதைக் கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்கு அனுப்பி வைக்கின்றனர். மாலையில் எஸ்டிமேட் வருகிறது. அடியில் உள்ள தொகையைக் கண்டதும் வீடு வாயடைத்துப் போகிறது!

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வந்த எஸ்டிமேட்டில் 41,600 ரூபாய் கண்டிருந்தது. முன் சக்கரங்களின் பிரேக் டிஸ்க்குகள், பேடுகள், பேட்டரி, ஏசியின் கூலிங் காயில், இன்ஜெக்டர் சுத்தம், அடிப்பாகப் பூச்சு, உள்ளே நறுமணத் தெளிப்பு என்று நீண்டது பட்டியல். "வெளியே கொடுத்தால் வாரண்டி போய்விடும்" என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது. அந்தச் சகோதரி, கணவர் அனுப்பியிருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிட ஆயத்தமாகிவிட்டார். அவரைக் குறை கூற முடியாது. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போனால் என்னாவது என்று ஒருவர் கேட்டுவிட்டால், எந்தத் தாய்க்குப் பேரம் பேச மனம் வரும்?

பிக்ஹு நூல்களில் இஜாரா என்றொரு பாடம் உண்டு. தையற்காரர், சாயமிடுபவர் போன்றோரிடம் பொருளை ஒப்படைக்கும்போது, வேலை இன்னது, கூலி இவ்வளவு என்பது முன்னரே தெளிவாகிவிட வேண்டும் என்று மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கிறோம். அப்படியிருக்க, கார் விஷயத்தில் மட்டும் ஏன் ஒரே மொத்தத் தொகைக்குத் தலையசைக்கிறோம்?

அந்தக் குடும்பத்தார் செய்தது இதுதான். எந்தப் பாகம், என்ன விலை, அதற்குக் கூலி எவ்வளவு, வரி எவ்வளவு எனத் தனித்தனியாக எழுதித் தரக் கேட்டனர். (2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய விகிதத்தில் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது.) பிறகு ஒவ்வொன்றுக்கும், "மாற்ற வேண்டுமென்று எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?" என்று வினவினர். டிஸ்க்கில் துரு ஏறியிருக்கிறது என்றார்களாம். சாரல் காற்றில் ஓரிரவு நின்றாலே டிஸ்க்கில் மேல் துரு படியும். சிறிது தூரம் ஓட்டிச் சில முறை பிரேக் அழுத்தினால் அது தேய்ந்து போய்விடும். மாதக்கணக்கில் நின்றிருந்தால் குழி விழுந்திருக்கவும் கூடும். அதனால்தான் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காமல் கனத்தை அளந்து பார்க்க வேண்டும். டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்ற குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்தபோது கனம் போதுமானதாகவே இருந்தது. குழியும் இல்லை. ஏசியில் காற்று குறைந்ததற்குக் காரணம் தூசி அடைத்துக்கொண்ட ஃபில்டர். பேட்டரி மட்டும் மெய்யாகவே ஆயுள் முடிந்திருந்தது. அதை வெளிக்கடையில் பழையதைக் கொடுத்துப் புதியதாக மாற்றிக்கொண்டனர். எல்லாம் சேர்த்து 14,200 ரூபாயில் முடிந்தது.

வாரண்டி பற்றிய அச்சத்துக்கு வருவோம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2011-இல் தனி மனிதர் ஒருவர், கார் உற்பத்தியாளர்கள் உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தங்கள் டீலர்களிடமே முடக்கி வைப்பதாக இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். மூன்று நிறுவனங்கள் மீது தொடங்கிய அவ்விசாரணை விரிந்து, 2014 ஆகஸ்ட் 25-இல் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதிக்கும் தீர்ப்பாயிற்று. மாருதி, டாட்டா, மகிந்திரா ஆகியவையும் அவற்றுள் அடங்கும். வெளியே பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை அடியோடு ரத்து செய்யலாகாது. வெளி வேலையின் குறையால் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும், உதிரி பாகங்களின் விலையைப் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும் என்றும் ஆணையம் கூறிற்று. மேல்முறையீட்டில் மூன்று நிறுவனங்களின் அபராதம் 2016 டிசம்பரில் குறைக்கப்பட்டது. குற்றம் நிகழ்ந்தது என்ற முடிவு நிலைத்தது. வழக்கு அதற்கு மேலும் உச்ச நீதிமன்றம் சென்றது.

எனவே அத்தீர்ப்பைக் காட்டி யாரையும் மிரட்டப் போக வேண்டாம். "வாரண்டி போய்விடும் என்பதை எழுத்தில் தாருங்கள், எந்த நிபந்தனையின்படி என்றும் குறிப்பிடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்குள்ள வீரம் பல சமயம் காகிதத்துக்கு வருவதில்லை.

அதற்காக டீலர் எல்லாரும் ஏய்ப்பவர், தெருமுனை மெக்கானிக் எல்லாரும் நல்லவர் என்று எண்ணிவிட வேண்டாம். காற்றுப்பை, ஸ்டீயரிங், மின்னணுக் கருவிகள் ஆகியவற்றில் கோளாறு என்றால் உரிய கருவியும் பயிற்சியும் உள்ள இடத்துக்கே செல்லுங்கள். வாரண்டிக் காலத்தில் வழக்கமான சர்வீஸை டீலரிடமே செய்துகொள்வது விவேகம். போலிப் பாகங்களும் கடைத்தெருவில் உலவுகின்றன. விலை அச்சிட்ட உறையோடும் ரசீதோடும் வாங்குங்கள். அந்த 41,600 ரூபாய்ப் பட்டியலில் பிரேக் ஆயில் இடம்பெறவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்! அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறிய ஆயில், கணவாயிலிருந்து நெடுக இறங்கும் பாதையில் சூடேறிக் கொதித்தால் பெடல் பொதுக்கென்று உள்ளே போய்விடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நலம். அதற்காகும் செலவு, நறுமணத் தெளிப்புக்கு ஆகும் செலவை ஒத்ததுதான்.

மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாத வேலைக்குப் பணம் கேட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரையெனில் கட்டணம் இல்லை. எஸ்டிமேட், ரசீது, எழுத்தில் நடந்த பேச்சு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது அப்போது கைகொடுக்கும்.

விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் மூலம் பழுது பார்ப்பதில் உள்ள சிக்கல்களை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் காண்போம்.