‘சும்மா நடிக்கிறாள்’ எண்டு சொல்லுறவைக்கு

தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட ஒரு பிள்ளை முதல்தரம் வைத்தியசாலைக்கு வந்தால் எல்லாருக்கும் பாவமாக இருக்கும். இரண்டாம்தரம் வந்தால் முகம் சுழிப்பார்கள். மூன்றாம்தரம் வரும்போது அந்த விடுதியில் அவளுக்கு ஒரு பெயர் விழுந்திருக்கும். பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மாமியில் இருந்து சீருடை போட்டவர்கள் வரைக்கும் ஒரே வசனம்தான்: “சும்மா நடிக்கிறாள். எல்லாரும் தன்னைப் பாக்கவேணுமாம்.”

இந்த வசனத்தோடுதான் எங்களுக்குச் சண்டை. வேறெந்த வருத்தத்திலும் ஆள் திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியருக்குக் கவலை கூடும். நெஞ்சுநோவோடு மூன்றாம்தரம் வந்தவரை “பழைய ஆள்தானே, இருக்கட்டும்” என்று வாங்கிலில் இருத்தி வைப்பதில்லை. இங்கே மட்டும் வரவு கூடக்கூட எரிச்சல் கூடுகிறது. உளமருத்துவம் படித்த எவருக்கும் தெரிந்த விசயமோ இதற்கு நேர்மாறானது. முன்பு தன்னைக் காயப்படுத்திக்கொண்டவருக்குத்தான் பின்னாளில் உயிராபத்து மற்றவர்களைவிடப் பலமடங்கு அதிகம். மூன்றாம்தரம் வருகிற பிள்ளைதான் முதலில் பார்க்கப்படவேண்டிய பிள்ளை.

இப்படி வருகிற எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதியினருக்கு இருக்கக்கூடிய நிலைக்கு போர்டர்லைன் பேர்சனாலிற்றி டிஸ்ஓடர் என்று பெயர். சுருக்கமாக பிபிடி. தமிழில் ‘எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு’ என்று எழுதுகிறார்கள். இந்தத் தமிழைக் கொஞ்சம் கவனியுங்கோ. எங்கட எழுத்தில் ‘ஆளுமை’ ஒரு மரியாதைச் சொல். மறைந்த எழுத்தாளருக்கு அஞ்சலி எழுதும்போது ‘பேராளுமை’ என்கிறோம். அதே சொல்லுக்குப் பின்னால் ‘கோளாறு’ என்று ஒட்டி, ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையில் துண்டாக எழுதிக் குடுத்தால் அவள் எதை விளங்கிக்கொள்வாள்? உனக்கு ஒரு வருத்தம் வந்திருக்கு என்றல்ல, நீயே பிழையான ஆள் என்றுதான். ‘எல்லைக்கோடு’ என்பதும் 1938இல் அடொல்ப் ஸ்டேர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் எழுதிய கட்டுரையில் இருந்து வருகிறது. நரம்புத்தளர்ச்சி என்று அந்தக் காலம் சொன்னதற்கும் முழு மனப்பிறழ்வுக்கும் இடையில் நிற்கிறவர்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கை உளமருத்துவமே கைவிட்டுக் கனகாலம். பெயர் மட்டும் போகவில்லை.

சரி, பெயரை விடுவம். ஆளுக்குள் என்ன நடக்கிறது?

அமெரிக்க உளமருத்துவக் கையேடு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. கைவிடப்பட்டுவிடுவேன் என்ற பயம், உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் போய்வரும் உறவுகள், நான் ஆர் என்ற தெளிவின்மை, யோசிக்காமல் செய்கிற ஆபத்தான காரியங்கள், தன்னைக் காயப்படுத்துதல், மணித்தியாலக் கணக்கில் மாறும் மனநிலை, தீராத வெறுமை, அடக்கமுடியாத கோபம், அழுத்தத்தில் வருகிற சந்தேகமும் தன்னை மறந்த நிலையும். இதில் ஐந்து இருந்தால் போதும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 256 விதமாக ஒருவர் இந்தப் பெயருக்குள் வரலாம். ஆகவே “பிபிடிக்காரர் இப்பிடித்தான்” என்று ஆரும் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிற்பாட்டுங்கோ.

வட்ஸ்அப்பில் நீலச் சரி விழுந்தும் பதில் வராத அரைமணித்தியாலத்தை யோசியுங்கள். உங்களுக்கு எரிச்சல் வரும், வேறு வேலை பார்ப்பீர்கள். இந்த நிலையில் உள்ளவருக்கு அந்த அரைமணித்தியாலம் செத்தவீட்டுச் செய்தி மாதிரி. உணர்ச்சி வேகமாக வரும், உயரமாக எழும், இறங்க நேரமெடுக்கும். அதற்குள் இருபது மெசேஜ் போய்விடும். திட்டி ஐந்து, கெஞ்சிப் பதினைந்து. பிறகு வெட்கம் வரும். அந்த வெட்கத்தைத்தான் ஒருவரும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களுக்குத் தெரிவது இருபது மெசேஜ் மட்டும்.

இதை எங்கட வயசுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ரிக்ரொக்கில் இப்போது பழைய காதலி எல்லாருக்கும் பிபிடி. விட்டுப்போனவள் ‘பிபிடி’, சண்டைபிடித்தவன் ‘நார்சிசிஸ்ற்’. அங்கொடை, மந்திகை என்ற ஊர்ப்பெயர்களை வசவாக்கின அம்மப்பா தலைமுறையைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆங்கில எழுத்து மூன்றைப் போட்டு நாங்கள் செய்வது அதே வேலைதான். ஒருவர் உங்களைக் காயப்படுத்தியிருந்தால் அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு அவருக்கு ஒரு நோய்ப்பெயர் சூட்டத் தேவையில்லை.

வைத்திய உலகம் மட்டும் சுத்தமில்லை. 1988இல் பிரித்தானியாவில் லூயிஸ், அப்பிள்பி என்ற இரு வைத்தியர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். உளமருத்துவர்களிடம் நோயாளி பற்றிய குறிப்பொன்றைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். சிலருடைய குறிப்பில் மட்டும், இவருக்கு முன்பு ஆளுமைக் கோளாறு என்று சொல்லப்பட்டது என்ற தகவல் இருந்தது. அந்த ஒரு தகவலுக்காகவே அந்த ஆளைக் கவனம் தேடுபவர், எரிச்சலூட்டுபவர், சிகிச்சை கொடுக்க விருப்பமில்லாதவர் என்று மதிப்பிட்டார்கள். ஆய்வின் தலைப்பிலேயே ‘உளமருத்துவர்கள் வெறுக்கிற நோயாளிகள்’ என்று எழுதினார்கள். 2003இல், இந்தப் பெயரைச் சொல்லி இனி ஆளை வெளியே தள்ளக்கூடாது என்று அந்த நாட்டுச் சுகாதாரத்துறையே தனியாக ஒரு ஆவணம் வெளியிடவேண்டி வந்தது. உலகத்தரம் என்று நாங்கள் அண்ணாந்து பார்க்கிற இடத்து நிலைமை அது.

‘இது மாறாது’ என்பது அடுத்த பொய். மேரி சனரினி என்ற ஆய்வாளர் பொஸ்ரனுக்கு அருகிலுள்ள மக்லீன் வைத்தியசாலையில், விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்ற 290 பேரை 1990களின் தொடக்கத்தில் இருந்து இரண்டு வருடத்துக்கு ஒருக்காப் பின்தொடர்ந்தார். பத்து வருடத்தில் நூற்றுக்கு 93 பேர், குறைந்தது இரண்டு வருடம் நீடித்த தணிவை அடைந்திருந்தார்கள். வேலை, உறவு எல்லாம் சேர்த்து நல்லாய் இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் பாதிப்பேர். அந்த மற்றப் பாதியை நாங்கள் மறைக்கவில்லை. அறிகுறி குறைவது ஒன்று, விட்டுப்போன படிப்பையும் வேலையையும் திரும்பப் பிடிப்பது இன்னொன்று. ஆனால் “உதுகள் திருந்தாது” என்று கைகழுவ இந்தக் கணக்கில் இடமில்லை.

மார்ஷா லினஹானின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1961இல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்பேர்ட் நகரிலுள்ள மனநல வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவர். தலையை நிலத்தில் மோதிக்கொண்டவர். மனச்சிதைவு என்று பெயர் வைத்து மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். வெளியே வந்து உளவியல் படித்து, டிபிரி என்று சொல்லப்படும் சிகிச்சைமுறையை உருவாக்கி, 1991இல் அதன் முதல் பரிசோதனை முடிவை வெளியிட்டார். தன் கதையை வெளியில் சொன்னது 2011இல், 68 வயதில், கைத்தழும்பைக் கண்ட ஒரு நோயாளி நீங்களும் எங்களில் ஒருத்தியா என்று கேட்ட பிறகு. உலகம் கொண்டாடுகிற பேராசிரியைக்கே வாய்திறக்க ஐம்பது வருடம் போனது என்றால், எங்கட ஒழுங்கைக்குள் இருக்கிற ஒரு பெட்டை ஏன் மூச்சுவிடுவதில்லை என்று கேட்கவேண்டியதில்லை.

பெட்டை என்று எழுதிக்கொண்டே போகிறோம். கிளினிக்குகளில் இந்தப் பெயரைப் பெறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். வைத்தியசாலைக்கு வெளியே பொதுசனத்துக்குள் நடத்திய பெரிய ஆய்வுகளிலோ ஆண் பெண் வித்தியாசம் மிகக் குறைவு. அப்ப பொடியள் எங்கே போனார்கள்? ஒருத்தன் ‘கோவக்காரன்’, இன்னொருத்தன் ‘குடிகாரன்’, வேறொருத்தன் பொலிஸ் நிலையத்தில். அவனுக்கு ஆரும் கிளினிக் துண்டு எழுதிக் குடுப்பதில்லை.

இந்தப் பெயரே வேண்டாம் என்பவர்களும் உண்டு. சிறுவயதில் அடியும் பாலியல் வன்முறையும் பட்ட பிள்ளையிடம் கோளாறு உன்னில்தான் என்று சொல்வது இரண்டாவது வன்முறை என்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் அப்படியொரு கடந்தகாலம் இருந்ததென்பதும் உண்மையில்லை, பரம்பரையின் பங்கும் இருக்கிறது. எங்கட ஊரில் இன்னொரு சிக்கல்: எந்த மனவருத்தத்துக்கும் ‘யுத்தம்’ என்று ஒரே பதில். யுத்தம் செய்ததைச் சின்னதாக்க நாங்கள் வரவில்லை. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை கையைக் காயப்படுத்தினால் “உனக்கு என்ன குறை, நாங்கள் செல்லுக்குள்ள வளந்தனாங்கள்” என்று வாயடைக்க அதே யுத்தம் பயன்படுவதைத்தான் சொல்கிறோம். பெயர் ஒரு கதவைத் திறந்தால் வைத்திருப்பம், சாத்தினால் எறிவம். எங்கட நிலைப்பாடு அவ்வளவுதான்.

இனி விழிப்புணர்வு. 2008இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை மே மாதத்தை இதற்கான விழிப்புணர்வு மாதமாக அங்கீகரித்துத் தீர்மானம் போட்டது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. மாதம் அறிவிக்கிறதுக்கு ஆர் எதிர்க்கப்போகினம்? இங்கேயும் ஒக்டோபர் 10 வந்தால் ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்று பதாகை கட்டுகிறோம். மனம்விட்டுப் பேசினால் கேட்கிறவர் என்ன சொல்லவேணும் என்று எந்தப் பதாகையும் சொல்வதில்லை.

உருப்படியான வேலை வேறிடத்தில் நடந்தது. அதே நாட்டில் ‘ஃபமிலி கனெக்சன்ஸ்’ என்று குடும்பத்தாருக்கான 12 வார வகுப்பொன்றை அலன் ஃபுருசெற்றி, பெரி ஹொஃப்மன் என்ற இருவர் உருவாக்கினார்கள். இலவசம். நடத்துகிறவர்கள் பயிற்சி எடுத்த தாய்தகப்பன், சகோதரங்கள், துணைவர்கள். சொல்லிக்கொடுப்பதில் முக்கியமானது, மற்றவருடைய உணர்வை உணர்வாக ஒப்புக்கொள்வது. அவர் செய்ததை ஒப்புக்கொள்வது இல்லை, உணர்வை மட்டும்.

“இதுக்கெல்லாம் அழுறதே?” என்பது எங்கட வீட்டு மொழி. “அவள் போன் எடுக்கேல்லை எண்டதும் உனக்கு நெஞ்சு பதறிப்போச்சு, என்ன? வா, இதில இரு” என்பது அந்த வகுப்பின் மொழி. இரண்டாவதைச் சொல்ல ஒரு சதம் செலவில்லை. ஆனால் “கலியாணம் கட்டிக் குடுத்தால் எல்லாம் சரியாகும்” என்று முப்பது வருடம் பழகின வாய்க்கு அது ஒரே நாளில் வராது. அதற்குத்தான் 12 வாரம். குளிசையால் மட்டும் ஆகிற காரியமும் இல்லை. இந்த நிலைக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது, கூடவரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் மருந்து. கதைத்துச் செய்யும் சிகிச்சைதான் அடிப்படை. அதைத் தமிழில் தரக்கூடியவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேணும்.

தற்கொலைக்கு முயல்வது இந்த நாட்டில் குற்றம் என்ற சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. “பொலிஸ் கேஸ் ஆயிடும்” என்ற பயத்தில் காயத்தை மறைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கேஸ் ஆகாது. கூட்டிக்கொண்டு போங்கோ. இரவில் ஒருவரும் இல்லையென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம்.

தாதியர் கல்லூரிகளிலும் உளவளத்துணைப் பயிற்சிகளிலும் இந்தப் பாடத்தை நடத்தும்போது, இந்த நிலையோடு வாழ்கிற ஒருவரை முன்னால் இருத்திக் கேளுங்கள், அவருக்கு அந்த நாளுக்கான சம்பளமும் குடுங்கள். வகுப்புக்கு மண்டபம் தேடி அலையத் தேவையில்லை. ஊரூராய் சனசமூக நிலையம் இருக்கு, காலமைப் பேப்பர் வாசிச்சு முடிஞ்சால் பின்னேரம் மட்டும் கதிரை சும்மாதான் கிடக்கு. அம்மாக்களுக்கு ஒரு நாள், அப்பாக்களுக்கு ஒரு நாள். அப்பாமார் முதல் கிழமை வரமாட்டினம். இரண்டாம் கிழமையும் திரும்பக் கூப்பிடுவம்.