பத்மினிக்கு எதற்கு ரேஸ் சீட்?

பழைய காரை ரேஸுக்குத் தயார் செய்கிறவர்கள் முதலில் கார்புரேட்டரில் கை வைப்பார்கள். பிறகு சைலன்சர், பிறகு வீல். கையில் ஏதாவது மிச்சமிருந்தால் கடைசியாக சீட். அதுவும் பார்வைக்கு மிடுக்காக இருக்க வேண்டும் என்பதற்காக. என்னைக் கேட்டால் இந்த வரிசையே தலைகீழ். ஓட்டுகிறவன் உட்காரும் இடம் உறுதியாக இல்லாத வண்டியில் எத்தனை குதிரைத்திறன் ஏற்றி என்ன பயன்?

சோழவரம் பந்தயம் பார்த்த தலைமுறைக்கு இது புரியும். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். மொட்டை வெயிலில் நின்றுகொண்டு, நம் வீட்டு வாசலில் நிற்கிற அதே ஃபியட் அங்கே சீறுவதைப் பார்ப்பதில் ஒரு தனிப் பெருமை. 1089 சிசி இன்ஜின்தான். 1964-ல் டிலைட் என்று வந்தது, 1974-ல் பிரீமியர் பத்மினி ஆனது. முன்னால் ஒரே நீள பெஞ்ச் சீட், மேலே வழுக்குகிற ரெக்சின். இடது பக்கம் திரும்பினால் ஓட்டுநர் கதவில் போய் ஒட்டுவார். வலது பக்கம் திரும்பினால் பக்கத்து இருக்கைக்குக் குடிபோவார். ஸ்டியரிங் என்பது வண்டியைத் திருப்ப மட்டுமல்ல, பிடித்துத் தொங்கவும்தான். அப்படி ஓட்டுகிறபோது கைக்குச் சாலையின் செய்தி வந்து சேராது. நல்ல சீட்டின் முதல் லாபம் இதுதான்: உடம்பைச் சீட் தாங்கிக்கொள்ளும், கை தன் வேலையைப் பார்க்கும்.

ஆகவே நான் ரேஸ் சீட்டுக்கு விரோதி அல்ல. வார நாளில் காந்திபுரம், ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் கரி டிராக் என்று ஒரே வண்டியை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. என் அண்ணன் மகன் ஒருவன் அந்த ரகம். பத்மினியைச் சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறான். போன மாதம் வந்து, "சித்தப்பா, ஃபைபர் சீட்டு ரெண்டு வந்துருச்சுங்க. நாலு புள்ளி பெல்ட்டும் சேத்து வாங்கியாச்சு. போல்ட் போட்டு முறுக்குனா வேலை முடிஞ்சுதுங்க" என்றான். முப்பத்தி நாலு வருஷம் பஸ் பணிமனையில் கழித்தவன் நான். போல்ட் போட்டு முறுக்கினால் முடிந்துவிடுகிற வேலை எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

பெல்ட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். சாதாரண மூன்று புள்ளி பெல்ட் போட்டிருக்கிறவர், வண்டி உருண்டு கூரை நசுங்கினால், பக்கவாட்டில் கொஞ்சமாவது சாய முடியும். ரேஸ் ஹார்னஸ் இரண்டு தோளையும் சீட்டோடு சேர்த்துக் கட்டிவிடும். ஃபைபர் சீட்டும் வளைந்து கொடுக்காது. கூரை கீழே வரும்போது தலை செங்குத்தாக அங்கேயே நிற்கும். அதனால்தான் ஹார்னஸ் போட்டால் உள்ளே ரோல் கேஜ் என்கிற இரும்புக் குழாய்க் கூடு வேண்டும் என்கிறார்கள். சரி, கூடு போட்டாயிற்று. இப்போது தலைக்குப் பக்கத்திலேயே இரும்புக் குழாய். டிராக்கில் ஹெல்மெட் இருக்கிறது, பரவாயில்லை. அவிநாசி ரோட்டில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டா கார் ஓட்டுவீர்கள்? சின்ன மோதலில் கூட மண்டை அந்தக் குழாயில் போய் இடிக்கும். சீட், பெல்ட், கூடு, ஹெல்மெட் நான்கும் ஒரே சங்கிலி. நடுவில் ஒரு கண்ணியை மட்டும் கழற்றி வீட்டு வண்டியில் மாட்டினால், பழைய பெஞ்ச் சீட்டை விட ஆபத்தான ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியதாகத்தான் அர்த்தம்.

ஹார்னஸிலும் நாலு புள்ளி எனக்குப் பிடிப்பதில்லை. முன்னால் மோதும்போது தோள் வார்கள் இழுக்கிற இழுப்பில் இடுப்பு வார் மேலே ஏறி வயிற்றில் அமர்ந்துகொள்ளும். உடம்பு அடியில் வழுக்கி இறங்கும். எலும்பு தாங்க வேண்டிய வேகத்தைக் குடல் தாங்கும். கவட்டை வார் உள்ள ஐந்து அல்லது ஆறு புள்ளி பெல்ட்தான் இதைத் தடுக்கும். அதற்கு சீட்டின் அடிப்பலகையில் துளை இருக்க வேண்டும். தோள் வாரைப் பின் சீட்டுக்கு அடியில் தரையில் கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மோதலின்போது அது முதுகெலும்பை மேலிருந்து கீழே அமுக்கும். வார் தோளிலிருந்து பின்னால் கிட்டத்தட்ட மட்டமாக, லேசான சரிவில் போக வேண்டும். 45 டிகிரிக்கு மேல் சரியவே கூடாது.

ஃபார்முலா ஒன்னிலேயே பெல்ட் கட்டாயமானது 1972-ல்தான். அதற்கு முன்னால், தீப்பிடிக்கிற வண்டிக்குள் மாட்டிக்கொள்வதை விட வெளியே தூக்கி எறியப்படுவதே மேல் என்று நம்பிய பெரிய வீரர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைய வண்டிகள் அப்படி.

அடுத்தது தரை. என் கவலை முழுதும் இங்கேதான். பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ், தரை வெறும் தகடு. அதுவும் ரப்பர் மேட்டுக்கு அடியில் எத்தனை மழைக்காலத்து ஈரத்தைக் குடித்திருக்குமோ. டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த தரையை நம்பாதீர்கள். மேட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அதில் நாலு துளை போட்டு சாதா வாஷர் வைத்து முறுக்கினால், மோதலில் போல்ட் அறுந்து போகாது. தகட்டைக் கிழித்துக்கொண்டு, சீட்டும் ஆளுமாக மொத்தமாகக் கிளம்பிவிடும். பந்தயங்களுக்கான உலக அமைப்பான எஃப்ஐஏ இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது: சீட்டுக்கு நான்கு இடத்திலாவது பிடிப்பு, 8 மில்லிமீட்டர் போல்ட், அடியில் 3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு, ஒவ்வொரு பிடிப்புக்கும் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதாவது தீப்பெட்டியை விடப் பெரிய தகடு. லேத் பட்டறையில் ஒரு மணி நேர வேலைதான். ஆனால் சீட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் இதற்குக் கணக்குப் பார்ப்பார்கள்!

வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், முத்திரையைப் பாருங்கள். பெரிய கம்பெனிப் பெயர் தைத்த போலி சீட்டுகள் ஏராளம். 8855-1999 என்ற தர எண் உள்ள சீட்டுக்குத் தயாரித்த தேதியிலிருந்து 5 வருஷம், 8862-2009 என்றால் 10 வருஷம் ஆயுள் என்பது விதி. காலாவதியான மறுநாளே சீட் உடைந்துவிடப் போவதில்லை. ஆனால் விபத்தில் அடிபட்ட ஃபைபர் சீட்டின் விரிசல் மேலே போர்த்திய துணிக்குள் ஒளிந்திருக்கும். பழைய சாமான் சந்தையில் ஃபைபர் சீட் வாங்குவது, பழைய ஹெல்மெட் வாங்குவதற்குச் சமம்.

பிறகு, கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். கால் மணி நேரமாவது. இடுப்புக்கும் சீட் ஓரத்துக்கும் நடுவே விரல்கள் நுழையலாம், கை நுழையக் கூடாது. வண்டியில் வைத்த பிறகு, முதுகு சீட்டை விட்டு விலகாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் அமர வேண்டும். கிளட்சை முழுதாக மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். பத்மினியில் இன்னொரு சிக்கல்: கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது. சீட்டைத் தாழ்த்திப் பின்னால் தள்ளினால் கியருக்காக எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். தலையின் இருபுறமும் காது வைத்த சீட்டுகள் டிராக்கில் நல்லவை. நம் ஊர் நாற்சந்தியில் இடப்பக்கம் நுழையும் மொபெட்டை அவை மறைத்துவிடும். என் வயதுக்காரர்கள் உயரமான அந்தப் பக்கச் சுவரைத் தாண்டி உட்கார்ந்து எழுவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. முழங்காலே படித்துவிட்டுச் சிரிக்கும்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாதிரி ஓட்டையைத்தான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஞாயித்துக்கிழமை மருதமலைக்கு இந்த வண்டியிலதானே பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டுப் போற?" பதில் வரவில்லை. வீட்டு வண்டியாக இருக்கப் போகிறதென்றால், இரண்டு பக்கமும் கொஞ்சம் அணைத்துப் பிடிக்கிற, சாய்வு மாற்றக்கூடிய சீட், தூணில் தகடு வைத்து ஒழுங்காகப் பிடித்த மூன்று புள்ளி பெல்ட், இவ்வளவு போதும். பத்மினி போகிற வேகத்துக்கு டிராக்கிலும் பழகிக்கொள்ள அது தாங்கும். பந்தயமேதான் வேண்டுமென்றால் இன்னொரு பாடி வாங்கி, கூடு, ஹார்னஸ், ஃபைபர் சீட் எல்லாம் போட்டு, லாரியில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டு போ என்றேன்.

இப்போதைக்கு அந்த இரண்டு சீட்டும் அவன் வீட்டு மாடியில் இருக்கின்றன. ஒன்றில் உட்கார்ந்துதான் கிரிக்கெட் பார்க்கிறானாம். தரைத் தகட்டைக் குத்திப் பார்த்ததில் ஓட்டுநர் பக்கம் இரண்டு இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. அடுத்த வாரம் டிங்கரிங் பட்டறைக்குப் போகிறோம்.