ஆகாய ஆசான்களின் கூலி

காட்டுமன்னார்கோயில் ஸ்ரீமந் நாதமுனிகள் அவதரித்த ஸ்தலம். வைஷ்ணவ ஆசாரிய பரம்பரை அவரை முன்னிட்டே வழங்குகிறது. ஆகவே ஆசானின் பெருமையை இவ்வூராருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் போற்றுவாரற்றுக் கிடக்கும் ஓர் ஆசிரிய வகுப்பாரைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆகாய விமானம் ஓட்டக் கற்பிக்கும் போதகாசிரியர்களே அவர்கள்.

1929-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா இந்தியாவில் முதல் விமானி லைசென்ஸைப் பெற்றார். அவர் பெயரைத் தேசம் முழுவதும் அறியும். அவருக்குப் பறக்கக் கற்பித்தவர் பெயரை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? அன்று தொடங்கிய மறதி இன்றும் நீங்கவில்லை.

வீராணத்துப் பாசனத்தில் நான்கு காணி வைத்திருக்கும் குடியானவரின் மகனுக்கும் இன்று விமானியாகும் ஆசை பிறக்கிறது. அது நல்ல ஆசையே. 2022-ல் விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கென ஒதுக்கப்பட்ட ஐந்து விமான நிலையங்களில் நமது சேலமும் ஒன்று. வர்த்தக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்காகத் தகப்பனார் பல லட்சம் ரூபாய் கடன்படுகிறார். பள்ளியில் எத்தனை விமானம், என்ன கட்டணம் என்றெல்லாம் விசாரிக்கிறார். பிள்ளையின் பக்கத்தில் உட்காரப் போகிறவருக்கு என்ன சம்பளம், எத்தனை மணி ஓய்வு என்று மட்டும் விசாரிப்பதில்லை.

போதகரின் வேலை எத்தகையது? சித்திரை வெயிலில் சிறு விமானத்துள் அமர்ந்து, அனுபவமற்ற கைகளிடம் யந்திரத்தை ஒப்புவித்துவிட்டு, பிழை நேரும் கணத்தில் தாமே அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். தரை நெருங்கும்போது பிழை நேர்ந்தால் அவருக்குக் கிடைப்பது சில விநாடிகளே. களைத்த மூளைக்கு அவ்விநாடிகள் போதா.

இத்தொழிலில் பறந்த மணிக்கே கூலி என்ற முறை உலகில் பல பள்ளிகளில் வழங்குகிறது. தரையில் பாடஞ் சொல்லும் நேரமும், மேகம் கலையக் காத்திருக்கும் நேரமும் பெரும்பாலும் கணக்கில் ஏறுவதில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் விமானம் கிளம்பாவிடில் அடுப்பும் எரியாது என்றால், சந்தேகமான வானத்திலும் கிளம்பலாமென்று ஏழை மனம் சபலப்படாதா? 24 மணி நேரத்தில் 8 மணிக்கு மேல் பறந்து போதிக்கலாகாது என்பது அமெரிக்கச் சட்டம். வரம்பு அவசியமே. ஆனால் கூலி மணிக்கணக்காயிருக்கும் வரையில், வரம்பாக விதித்தது இலக்காக மாறிவிடும்.

2025 டிசம்பரில், விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆயத்தமாகாமையால் இண்டிகோ கம்பெனியின் ஆயிரக்கணக்கான பிரயாணங்கள் ரத்தாயின. விமானிக்கும் களைப்புண்டு என்பதைத் தேசம் அன்று உணர்ந்தது. அவ்விமானியை உருவாக்கும் ஆசானுக்கு மட்டும் களைப்பில்லையா?

சம்பளத்தை உயர்த்தினால் கட்டணம் உயரும், மாணவனே நஷ்டப்படுவான் என்பர் பள்ளி முதலாளிகள். ஆசான் தங்காத பள்ளியில் மாணவன் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறான். கடனுக்கு வட்டியும் அறைக்கு வாடகையும் ஏறிக்கொண்டே போகின்றன. இது நஷ்டமாகாதா? போதிய ஊதியம் இன்மையால், நல்ல போதகர் போதிய மணிகள் சேர்ந்தவுடன் விமானக் கம்பெனிக்குப் போய்விடுகிறார். 2023-ல் இண்டிகோ 500 விமானங்களுக்கும், ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் உத்தரவிட்டன. இவற்றையெல்லாம் ஓட்ட ஆள் வேண்டாமா? விதைநெல்லைத் தின்றுவிட்டு மகசூலை எதிர்பார்ப்பது என்ன விவேகம்?

நாம் கேட்பது பெரிதன்று. பறந்தாலும் பறக்காவிடினும் வாழ்க்கைக்குப் போதிய மாதச் சம்பளம் நிச்சயிக்கப்பட வேண்டும். தரையில் போதிக்கும் நேரமும் வேலை நேரமென்று எண்ணப்பட வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025-ல் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிட்டது. அத்தரத்தை நிர்ணயிக்கையில் போதகரின் சம்பளமும் ஓய்வும் வெளிப்படையாகக் கணக்கிடப்பட வேண்டும்.

சர்க்கார் செய்யும் வரை நாம் வாளாவிருக்க வேண்டுவதில்லை. பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் ஒவ்வொரு தகப்பனாரும், பணங் கட்டுமுன் இக்கேள்விகளைக் கேட்பாராக. பதில் சொல்லத் தயங்கும் பள்ளியில் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம்.