பரணில் அமர்பவருக்கு வசதி ஆடம்பரமன்று



மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா போன்ற அமெரிக்க மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் சிலர், நவம்பர் மாதம் வந்தால் மான் வேட்டைக்குப் புறப்படுகின்றனர். ஊரில் இருந்தவரை நினைத்தும் பார்த்திராத காரியம் இது. இந்தியாவில் மானை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் நிலைமை வேறு. வெண்வால் மான்கள் பெருகி வயல்களையும் சாலைப் போக்குவரத்தையும் பாதிப்பதால், உரிமம் பெற்றவர் குறித்த காலத்தில் வேட்டையாட அரசே வழிசெய்திருக்கிறது. மிச்சிகனில் துப்பாக்கி வேட்டைக்காலம் நவம்பர் 15 முதல் 30 வரை. ஹலாலான இறைச்சியைத் தம் கையாலேயே தேடிக்கொள்ளலாம் என்பதால் நம்மவர்களுக்கு இதில் ஆர்வம் பிறப்பது இயல்பே.

நமக்குள்ள மனக்குறை அவர்கள் பணம் செலவிடும் முறையைப் பற்றியது. துப்பாக்கிக்கும் அதன் தொலைநோக்கிக்கும் தாராளமாகச் செலவிடுபவர், மணிக்கணக்கில் ஏறி அமரப்போகும் ஏணிப் பரணை மட்டும் கடையில் உள்ளவற்றிலேயே மலிவானதாகப் பார்த்து எடுக்கிறார். ‘வேட்டைக்குப் போகிறவனுக்கு மெத்தை எதற்கு?’ என்று பெரியவர்கள் கேட்பதும் உண்டு. எளிமையைப் போற்றும் அவர்களின் மனத்தை மதிக்கிறோம். ஆயினும் இந்தக் கேள்வியை நாம் ஏற்பதற்கில்லை.

லேடர் ஸ்டாண்ட் என்று அங்கே விற்கப்படும் ஏணிப் பரண், தினைப்புனம் காத்த நம் பழைய பரணின் இரும்பு வடிவம் என்று கொள்ளலாம். 15 முதல் 20 அடி உயரமுள்ள ஓர் ஏணி, அதன் உச்சியில் ஓர் இருக்கை, கால் வைக்க ஒரு தட்டு. அனைத்தையும் மரத்தோடு சேர்த்துப் பட்டைகளால் இறுகக் கட்டிவிடுவார்கள். உறைபனிக் குளிரில், விடியலுக்கு முன்பே ஏறி, அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். மானுக்கு அசைவு உடனே கண்ணில் படும். இருக்கை உறுத்தினால் மனிதன் நெளிகிறான். கால் மரத்துப் போனால் நீட்டி மடக்குகிறான். மூன்று மணி நேரம் இப்படிக் கழிந்தபின் மான் வந்து நிற்கும்போது அவன் கை நடுங்குகிறது. குறி வைக்க வேண்டிய இதயமும் நுரையீரலும் உள்ள இடம் ஓர் உணவுத் தட்டின் அளவுதான். அது தவறி வயிற்றில் குண்டு பாய்ந்தால், அந்தப் பிராணி எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும்.

பிராணியைக் கொல்லும்போதும் அதை நல்ல முறையில் செய்ய வேண்டும், கத்தியைத் தீட்டி அதன் வேதனையைக் குறைக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நாம் அறிவோம். கத்தியைத் தீட்டுவது யாருடைய சுகத்திற்காக? வேட்டைக்காரனின் இருக்கையையும் அந்தக் கண் கொண்டே பார்க்க வேண்டும்.

எனவே பரண் வாங்கும்போது முதலில் இருக்கையைப் பாருங்கள். பஞ்சு மெத்தை கடையில் சுகமாக இருக்கும். மழையிலும் பனியிலும் நீரைக் குடித்துக்கொண்டு, பிறகு உட்காரவே முடியாது. வலைபோல் பின்னிய தொங்கிருக்கை விரைவில் உலர்ந்துவிடும், உடலின் எடையையும் பரவலாகத் தாங்கும். உட்கார்ந்தால் தொடை சமமாக இருக்க வேண்டும். முழங்கால் மேலே தூக்கி நின்றால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். கால்தட்டு இரு பாதமும் தாராளமாகப் பதியும் அகலத்தில் இருக்கட்டும். முன்னால் உள்ள கம்பி துப்பாக்கியைத் தாங்க உதவும். வில்லுக்கோ அது இடைஞ்சல். ஆகவே மடக்கக்கூடிய கம்பி நல்லது.

உயரத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. உயர ஏறினால்தான் மானுக்குத் தெரியாது என்று 20 அடிக்கு ஆசைப்படுகிறார்கள். ஆனால் உயரம் கூடக் கூடக் குறி செங்குத்தாகிறது. இரு நுரையீரல்களையும் துளைக்க வேண்டிய குண்டு ஒன்றை மட்டும் துளைத்துவிட்டுப் போகக்கூடும். அப்படி அடிபட்ட மான் வெகுதூரம் ஓடும். காற்றின் திசையைப் பார்த்து, பின்னால் கிளைகள் மறைக்கும் மரத்தைத் தேர்ந்தால் 15 அடியே போதும்.

குறைந்த உயரத்தை நாம் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இது நம்மவர்களுக்கே உரியது. கூரிய அம்பு துளைத்து இறந்த வேட்டைப் பிராணி, இறைவனின் பெயர் சொல்லி எய்யப்பட்டிருந்தால் ஆகுமானது. துப்பாக்கிக் குண்டைப் பற்றியோ அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குண்டால் மட்டுமே இறந்ததை உண்ணலாகாது என்று கருதும் ஹனஃபி அறிஞர்கள் நம் துணைக்கண்டத்தில் பலர். அக்கருத்தைப் பின்பற்றுபவர் மானை உயிரோடு சென்றடைந்து அறுத்தாக வேண்டும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் தரும் அறிவுரையோ இதற்கு நேர் எதிரானது: சுட்டபின் அரை மணி நேரமாவது அப்படியே இருங்கள், துரத்தினால் அடிபட்ட மான் இன்னும் தூரம் ஓடிவிடும் என்பார்கள். இதனால் நம்மவர் சுட்ட கணமே, படபடக்கும் நெஞ்சோடு, உறைபனி படிந்த படிகளில் அவசரமாக இறங்குகிறார். பரணிலிருந்து விழுபவர்களில் பெரும்பாலோர் ஏறும்போதோ இறங்கும்போதோதான் விழுகிறார்கள். முதுகெலும்பு முறிந்து வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் கழிப்பவர்கள் அந்நாட்டில் உண்டு.

ஆகவே இந்த மஸ்அலாவை வேட்டைக்காலத்திற்கு முன்பே உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்; பரண் மேல் அமர்ந்து தீர்மானிக்கும் விஷயமன்று அது. அறுத்தே ஆக வேண்டும் என்பது உங்கள் நிலையானால், மான் மிக அருகில் வரும்வரை காத்திருங்கள், வராவிட்டால் சுடாமல் விடுங்கள். அகலமான படிகளும் குறைந்த உயரமும் உள்ள பரணையே வாங்குங்கள்.

உடலைச் சுற்றி அணியும் ஹார்னஸ் பட்டை பெரும்பாலும் பரணோடு பெட்டியிலேயே வருகிறது. அதைப் பிரிக்காமலே வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்! மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்பதும் போதாது. இருக்கைக்கு மேலே மரத்திலிருந்து தரைவரை ஒரு கயிற்றைக் கட்டி, அதில் நகரும் புருசிக் முடிச்சோடு ஹார்னஸைத் தரையிலேயே இணைத்துக்கொண்டு ஏற வேண்டும். துப்பாக்கியில் குண்டில்லாமல், தனிக் கயிற்றால் பின்னர் மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். பரணை நிறுத்துவதற்கு மூன்று பேராவது வேண்டும் என்பதால் தனியாக முயல வேண்டாம்; ஜமாஅத்தில் நாலு பேரைக் கூப்பிட்டால் வரமாட்டார்களா என்ன?

சட்டப்படி சூரிய உதயத்திற்கு அரை மணி நேரம் முன்பே சுடலாம். அது சுபுஹுடைய நேரம். கீழேயே தொழுதுவிட்டு ஏறுவதே நல்லது. ஆடும் தட்டின் மேல் ருகூவும் சுஜூதும் எப்படிச் செய்வது? லுஹருக்கு இறங்குவதைச் சிலர் தொந்தரவாக நினைக்கிறார்கள். மரத்துப் போன கால்களுக்கு அதைவிட நல்ல ஓய்வு கிடையாது.

பிள்ளையை உடன் அழைத்துச் செல்ல விரும்பும் வாப்பாமார்களுக்கு இருவர் அமரும் பரண் கிடைக்கிறது. சற்று விலை கூடுதல்தான். ஆனால் மகன் வேறொரு மரத்தில் தனியே இருப்பதைவிட, தோளோடு தோள் அமர்ந்து, எதைச் சுடலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று காதோடு சொல்லித்தரலாம். எடை வரம்பைப் பார்க்கும்போது இருவரின் குளிர்கால உடைகளையும் துப்பாக்கியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வேட்டைக்காலம் முடிந்ததும் பட்டைகளை அவிழ்த்துவிடுங்கள்; மரம் வளரும்போது அவை இறுகி நைந்துபோகும். வெயிலில் வெளுத்த பட்டையை அடுத்த ஆண்டு நம்ப வேண்டாம், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.