பொன்னுக்கு விற்காத ஊர்

குண்டு மழையில் குலையாத டுப்ரோவ்னிக், கூட்டத்தைத் தாங்குமா?

குரோஷியாவின் தென்கோடியில், ஏட்ரியாடிக் கடலோரம் இருக்கும் டுப்ரோவ்னிக் நகரின் மேற்கு வாயிலுக்கு வெளியே ஒரு பாறை. உயரம் 37 மீட்டர். அதன் தலைமேல் லோவ்ரியெனாட்ஸ் கோட்டை. அதன் வாசலுக்கு மேல் லத்தீனில் ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கிறது: உலகத்துப் பொன் அத்தனையும் கிடைத்தாலும் சுதந்திரத்தை விற்கலாகாது என்பது அதன் சாரம். கோட்டையைக் கட்டியவர்கள் அதைக் கல்லில் எழுதியதோடு நிற்கவில்லை. வெளியே பார்த்த சுவரின் கனம் 12 மீட்டர் வரை. ஊரைப் பார்த்த சுவரின் கனமோ சுமார் 60 சென்டிமீட்டர்தான். கோட்டைத் தளபதிக்கு என்றைக்காவது அரசாளும் ஆசை வந்து பீரங்கியை ஊர்ப் பக்கம் திருப்பினால், ஊர்க்காரர்கள் சுவரைத் தகர்த்து உள்ளே புக வசதியாக இருக்க வேண்டுமே!

இப்படி யாரையும் முழுசாக நம்பாமல்தான் இந்தச் சிறிய ஊர் நான்கரை நூற்றாண்டு பிழைத்திருந்தது. அப்போது அதன் பெயர் ரகூசா. 1358-ல் வெனிஸின் பிடியிலிருந்து விடுபட்டு, 1808-ல் நெப்போலியனின் தளபதி மார்மான் குடியரசைக் கலைக்கும்வரை தன் விவகாரங்களைத் தானே பார்த்துக்கொண்டது. ஜனநாயகம் என்று சொல்லிவிட முடியாது. பிரபுக் குடும்பங்களின் ஆட்சி. ஆனால் மன்னர் கிடையாது. 'ரெக்டர்' என்ற தலைவரின் பதவிக் காலம் ஒரே மாதம். அந்த ஒரு மாதமும் அரசு வேலை தவிர வேறு எதற்காகவும் அவர் மாளிகையை விட்டு வெளியே வரக் கூடாது. சபை மண்டபத்தின் வாசலில் அவருக்கும் சக பிரபுக்களுக்குமாக எழுதி வைத்திருந்த புத்திமதி: சொந்தக் காரியத்தை மறந்து பொதுக் காரியத்தைப் பாருங்கள். மாளிகை இன்று மியூசியம். எழுத்து அப்படியே இருக்கிறது.

கடலில் வெனிஸ், நிலத்தில் ஆட்டோமன் துருக்கியர். நடுவில் அகப்பட்ட ரகூசா வாளை நம்பவில்லை, பையை நம்பியது. சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 பொற்காசுகள் கப்பம் கட்டி, பதிலுக்கு அவரது சாம்ராஜ்யம் முழுவதும் வணிகம் செய்யும் சலுகைகளை வாங்கிக்கொண்டது. சுதந்திரத்தைப் பொன்னுக்கு விற்கக் கூடாது. பொன் கொடுத்து வாங்கலாம். அதன் கப்பல்கள் பெயர் பெற்றவை. பெரிய சரக்குக் கப்பலைக் குறிக்கும் 'ஆர்கொசி' என்ற ஆங்கிலச் சொல்லே ரகூசாவிலிருந்து பிறந்தது. ஊரின் காவல் தெய்வம் புனித பிளேஸ். கோவாவில் கண்டவுலிம் கிராமத்திலும் அவர் பெயரில் ஒரு தேவாலயம் உண்டு. 16-ம் நூற்றாண்டில் மிளகும் துணியும் தேடி அங்கே வந்த ரகூசா வணிகர்களோடு அதை இணைத்துப் பேசும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

வியாபார ஊர்தான் என்றாலும் வெறும் லாபக் கணக்கு மட்டும் போட்ட ஊர் இல்லை. 1377-லேயே, தொற்றுநோய்ப் பிரதேசங்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் வெளியே தனித்திருந்துவிட்டுத்தான் நகருக்குள் நுழையலாம் என்று சட்டம் போட்டது. பிறகு இத்தாலிய ஊர்களில் 30 நாள் 40 நாளாகி, இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'குவாரன்டைன்' பிறந்தது. 2020-ல் உலகமே அந்தச் சொல்லை மனப்பாடம் செய்தபோது டுப்ரோவ்னிக்கின் வயது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. கிழக்கு வாயிலுக்கு வெளியே கடலோரம் வரிசையாக நிற்கும் 'லாசரெட்டி' கட்டடங்கள், வந்தவர்களைத் தனிமைப்படுத்துவதற்காகவே கட்டப்பட்டவை. 1416-ல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. 1432-ல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லம் திறந்தது. பிரான்சிஸ்கன் மடத்தில் 1317-ல் தொடங்கிய மருந்துக் கடை இன்றும் களிம்பு விற்கிறது.

1667 ஏப்ரல் 6-ந் தேதி பூகம்பம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். நகரின் பெரும்பகுதி இடிந்தது. 'ஸ்த்ராதுன்' என்னும் பிரதான வீதியின் இருபுறமும் ஒரே உயரத்தில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் நிற்பதற்குக் காரணம், இடிபாட்டுக்குப் பிறகு அரசே திட்டம் போட்டுக் கட்டியதுதான். அதற்கப்புறமும் வெனிஸ் பயம் போகவில்லை. 1699 ஒப்பந்தத்தில், வெனிஸின் நிலம் தன்னோடு ஒட்டக் கூடாது என்பதற்காகத் தன் எல்லையோரத் துண்டுகளை ஆட்டோமன்களுக்கு விட்டுக்கொடுத்தது. அன்று விட்ட துண்டுகளில் ஒன்றான நேயும், இன்று போஸ்னியாவின் கடற்கரை. அதனால் டுப்ரோவ்னிக் பகுதி குரோஷியாவின் மற்ற பகுதியிலிருந்து நிலவழியே துண்டிக்கப்பட்டு, சொந்த நாட்டுக்குள் காரில் போகவே இரண்டு முறை எல்லைச் சாவடியில் நிற்க வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகுதான் விமோசனம். பணத்தில் பெரும்பங்கு ஐரோப்பிய யூனியனுடையது. கட்டியது சீனக் கம்பெனி. முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ராஜதந்திரத்துக்கு 21-ம் நூற்றாண்டில் பில் வந்தது.

இந்த வரலாற்றையெல்லாம் ஒரே சுற்றில் பார்க்க ஏற்ற இடம் மதில். நீளம் 1,940 மீட்டர். சில இடங்களில் உயரம் 25 மீட்டர். மேலே நடந்தால் ஒரு பக்கம் நீலக்கடல், மறுபக்கம் ஓட்டுக் கூரைகள். கூரைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை பளிச்சென்ற செங்காவி நிறம்; இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் வெயிலில் வெளுத்துப் பாசி படிந்த பழைய ஓடுகள். பயணிகள் அழகு என்று படம் எடுப்பது உண்மையில் காயத்தின் தழும்பு.

யுகோஸ்லாவியா சிதறியபோது, 1991 அக்டோபர் 1-ந் தேதி யுகோஸ்லாவிய ராணுவம் டுப்ரோவ்னிக்கை முற்றுகையிட்டது. மின்சாரம் போயிற்று; குடிநீர் போயிற்று. 1979-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர் என்பதால் பழைய நகரைத் தொட மாட்டார்கள் என்று நம்பி, மக்கள் அதன் மதிலுக்குள்ளும் கோட்டைகளிலும் தஞ்சம் புகுந்தார்கள். மதில் மேல் யுனெஸ்கோ கொடி பறந்தது. டிசம்பர் 6-ந் தேதி குண்டுகள் மழையாய் விழுந்தன. முற்றுகை முடிந்து கணக்கெடுத்தபோது, பழைய நகரின் 824 கட்டடங்களில் 68 சதவீதம் அடி வாங்கியிருந்தன. ஒன்பது கட்டடங்கள் எரிந்து கூடாகிவிட்டன. இறந்த ஊர்க் காவலர்களின் புகைப்படங்கள் ஸ்பொன்சா மாளிகையின் அறை ஒன்றில் சுவர் முழுக்க இருக்கின்றன. பெரும்பாலும் இளம் முகங்கள். வாசலைத் தாண்டிப் போகும் கூட்டத்தில் உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

வழக்கும் நடந்தது. முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம், கடற்படைத் தளபதி மியோத்ராக் யோகிச்சையும் ராணுவத் தளபதி பாவ்லே ஸ்த்ருகாரையும் தண்டித்தது. குற்றச்சாட்டுகளில் மனித உயிர்களோடு கலாசாரச் சின்னங்களை அழித்ததும் சேர்ந்திருந்தது. கல்லையும் ஓட்டையும் தொட்டாலும் சிறை உண்டு என்று உலகம் சொன்ன முக்கியமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று. ஓடுகள் மாற்றப்பட்டன, கற்கள் ஒட்டப்பட்டன. 1991-ல் 'ஆபத்தில் உள்ள பாரம்பரியம்' பட்டியலில் சேர்க்கப்பட்ட நகரம் 1998-ல் அதிலிருந்து வெளியே வந்தது. கதை இத்துடன் சுபமாக முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. அடுத்த படையெடுப்பு கையில் காமிராவோடு வந்தது. துறைமுகத்தில் உல்லாசக் கப்பல்கள் நிற்கும். ஆயிரக்கணக்கானோர் இறங்கி, பீலே வாயில் வழியாக ஒரே நேரத்தில் உள்ளே நுழைவார்கள். சில மணி நேரம் சுற்றி, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுவார்கள். 2011-ல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் படப்பிடிப்பு இங்கே தொடங்கியது. டி.வி.யில் வந்த கற்பனைத் தலைநகரைத் தேடி இன்னொரு கூட்டம் சேர்ந்தது. தொடரின் ராணி அவமானப்பட்டு நடந்த ஜெசூட் படிக்கட்டு எது என்று கேட்பவர்களுக்கு, குவாரன்டைன் பிறந்த ஊர் இது என்பது தெரியாது. 2016 ஆகஸ்டில் ஒரே நாளில் 10,000-க்கும் அதிகமானோர் மதில் ஏறினார்கள். பழைய நகரில் ஒரே சமயத்தில் 8,000 பேருக்கு மேல் இருந்தால் தாங்காது என்று யுனெஸ்கோ எச்சரித்தது.

உண்மையான சேதம் எண்ணிக்கையில் இல்லை. வீடுகளில் இருக்கிறது. 1991-ல் மதிலுக்குள் சுமார் 5,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்க மாட்டார்கள். காரணம் எளிய கணக்கு. கோடையில் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கிடைப்பதை, ஒரு குடும்பத்தால் மாத வாடகையாகத் தர முடியாது. பாட்டி காலமானதும் பேரன் வீட்டுக்குப் புது பாத்ரூம் போட்டு, சாவியை டூரிஸ்டிடம் கொடுத்துவிட்டு, மதிலுக்கு வெளியே ஃபிளாட்டில் குடியேறுகிறான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் வீடு வீடாக இப்படி நடந்தால் மளிகைக் கடைக்கு வாடிக்கையாளர் இருக்க மாட்டார். மளிகைக் கடை டி ஷர்ட் கடை ஆகும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் குறையும். தண்ணீரும் வெளிச்சமும் இல்லாத முற்றுகையிலும் ஊரை விட்டுப் போக மறுத்தவர்கள் இருந்தார்கள். அமைதிக் காலத்தின் வாடகை அவர்கள் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டது.

நிர்வாகம் சும்மா இல்லை. 2017-ல் மேயரான மாத்தோ ஃபிராங்கோவிச், ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்கள், 4,000 பயணிகள் என்று வரம்பு வைத்தார். நினைவுப் பொருள் கடைகளும் வீதியை அடைத்த ஹோட்டல் மேஜைகளும் குறைக்கப்பட்டன. பழைய நகரில் புதிதாக வீடுகளை டூரிஸ்ட் வாடகைக்கு விட அனுமதி தருவதை நிறுத்தவும் நகரசபை முடிவெடுத்தது. எதிர்ப்பு இல்லாமலா? குரோஷியாவின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுற்றுலாதான். 2020-ல் கொரோனாவால் ஸ்த்ராதுன் வெறிச்சோடியபோது முதலில் மூச்சு விட்ட ஊர்க்காரர்கள், அடுத்த மாதமே வருமானத்துக்கு என்ன வழி என்று கேட்க ஆரம்பித்தார்கள். கூட்டம் வந்தாலும் கஷ்டம், வராவிட்டாலும் கஷ்டம். சுல்தானுக்குக் கப்பம் கட்டிய ஊர் இப்போது கப்பம் வாங்கும் இடத்தில் இருக்கிறது. அதிலும் பேரம் பேசத் தெரிய வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு ஊரைக் காப்பாற்றும் பொறுப்பில் சிறு பங்கு உண்டு. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. வழியில் விமானம் மாற வேண்டும். 2023 ஜனவரி முதல் குரோஷியா ஷெங்கன் விசா வட்டத்துக்குள் வந்துவிட்டது, செலாவணியும் யூரோ. ஊர் மலிவு இல்லை. மதில் ஏற டிக்கெட்டே 2023-ல் 35 யூரோ. அன்றைய மதிப்பில் 3,000 ரூபாய்க்கு மேல். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் உத்தமம். கப்பல் கூட்டத்தோடு நான்கு மணி நேரம் வராமல், நான்கு இரவு தங்கினால் ஊர் தன் முகத்தைக் காட்டும். காலையில் குந்துலிச் சதுக்கத்தில் காய்கறிச் சந்தை கூடுகிறது. தண்ணீர் பாட்டில் வாங்க அவசியமில்லை. 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நீரைக் கொண்டுவந்து 1438-ல் அமைத்த ஒனோஃப்ரியோ நீரூற்று இன்றும் தாகம் தீர்க்கிறது. சக்கரம் வைத்த பெட்டியைக் கல் பாவிய சந்துகளில் நள்ளிரவில் கடகடவென்று இழுக்காதீர்கள் என்று நகரசபையே வேண்டிக் கேட்கிறது. தூக்கம் கெடுவதற்கு அங்கே இன்னும் சில வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள் ஊர் முழுக்க ஊர்க்காரர்களுடையது ஆகிறது. பிப்ரவரி 3, புனித பிளேஸ் திருவிழா. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட மரபு. 2009-ல் யுனெஸ்கோ இதையும் தன் பட்டியலில் சேர்த்தது. குளிர்காலம், கப்பல்கள் அபூர்வம். வெளியே குடிபோனவர்களும் சுற்றுப்புறக் கிராமத்தவர்களும் கொடிகளோடு திரும்பி வந்து ஸ்த்ராதுனை நிரப்புகிறார்கள். குடியரசு காலத்தில் இந்த விழா நாட்களில் குற்றவாளிகளும் நாடு கடத்தப்பட்டவர்களும்கூடக் கைதாகும் பயமின்றி நகருக்குள் வந்து போகலாம் என்று சலுகை இருந்தது. இன்று அப்படித் திரும்பி வருபவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். மாலையில் ஊர்வலம் கலைந்ததும் அவர்கள் மதிலுக்கு வெளியே இருக்கும் தங்கள் ஃபிளாட்டுகளுக்குப் பஸ் பிடிக்கிறார்கள்.