யாருடைய தெரு, யாருடைய பந்து?

தெரு விளையாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் போதும், நம் எழுத்தாளர்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. கோலி, பம்பரம், கில்லி, ஏழு கல், அப்புறம் ரப்பர் பந்து கிரிக்கெட். முடிக்கும்போது தவறாமல் ஒரு வரி வரும்: அந்தத் தெருவில் சாதி இல்லை, பந்துக்கு ஏது சாதி?

எந்தத் தெருவைச் சொல்றீங்க? பொதுத் தெருவில் எல்லாரும் நடக்கலாம் என்பதற்கே 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. உங்களுக்குத் தெரு என்பது நினைவு. நமக்கு அது போராடி வாங்கிய உரிமை.

சரி, பந்துக்கு வருவோம். வடசென்னைப் பசங்க கிரிக்கெட்டுக்குத் தனிச் சட்டமே உண்டு. சுவரில் கரிக்கோடு போட்டால் ஸ்டம்பு. ஒன் பிட்ச் கேட்ச் பிடித்தால் அவுட். பந்து காம்பவுண்டுக்குள்ள போனா அடிச்சவன்தான் எடுத்தாரணும். இந்தக் கடைசிச் சட்டத்தில்தான் சாதி உட்கார்ந்திருந்தது. மெயின் ரோட்டு வீட்டுக் கேட்டைத் தட்டுகிற ஒருவனிடம் 'யாரு வீட்டுப் பையன்ப்பா?' என்று கேட்பார்கள். பந்து கைக்கு வரும். நம்ம பையனிடம் 'எந்த ஏரியாடா நீ?' என்பார்கள். ஏரியா பேரைச் சொன்னதும் பந்து இரண்டு துண்டாக அறுபட்டு வெளியே வந்து விழும். அதனால் நம்ம பசங்க கேட்டைத் தட்டுவதை விட்டுச் சுவரேறிக் குதித்தார்கள். உடனே 'திருட்டுப் பசங்க' என்று பேர் வந்தது. நினைவுக் கட்டுரைகளில் அந்தச் சுவரும் இல்லை, கேட்டும் இல்லை.

பந்துக்குச் சாதி இல்லை என்பவர்கள் பல்வங்கர் பாலுவைப் படிக்கட்டும். தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். 1911-இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தவர். புனாவில் அவர் வீசிய பந்தைச் சாதி இந்துக்கள் தொட்டார்கள். ஆனால் அவருக்குத் தேநீரைப் பெவிலியனுக்கு வெளியே தனி மண் குவளையில்தான் கொடுத்தார்கள். அவரை இந்து அணிக்குக் கேப்டனாக்க மறுத்தார்கள். பந்தைத் தொட்ட கை மனிதனைத் தொடவில்லை.

இதில் நம் பெண் பிள்ளைகள் எங்கே? அண்ணன் பேட் பிடித்த நேரத்தில் தங்கை அடிபம்பில் குடத்தோடு வரிசையில் நின்றாள். அவள் ஆட்டத்தை யாரும் எழுதவில்லை.

கடைசியில் அந்தத் தெருவும் போனது. 2000-லிருந்து நகரத்துக் குடிசைகளைப் பெயர்த்துக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தரத் தயங்குகிற நகரம் இது. அதே கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்றார். உடனே 'சேற்றில் முளைத்த செந்தாமரை' என்று பாராட்டுகிறார்கள். சேறு என்று யாரைச் சொல்றீங்க? அவரோடு ஆடி வளர்ந்த பிள்ளைகளையா?

நமக்குத் தாமரைப் பட்டம் வேண்டாம். குடியிருப்புக்கு ஒரு மைதானம் வேண்டும். விளக்கு வேண்டும், தண்ணீர் வேண்டும், பெண் பிள்ளைகளும் ஆடுவதற்கு நேரமும் பாதுகாப்பும் வேண்டும். தோழர்களே, அவர்களுடைய தெருவை அவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். அறுபட்ட பந்துகளின் கணக்கை நாம்தான் எழுதவேண்டும்.