பள்ளி மூடினால் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

தமிழகத்தில் 1,204 பள்ளிகளில் ஒரு மாணவர்கூட இல்லை என்று 2025 ஆகஸ்டில் கல்வித்துறை கணக்குச் சொன்னது. அதில் அரசுப் பள்ளிகள் 208. தனியார் பள்ளிகளோ 869. பிறப்பு விகிதம் குறைந்ததைத் துறை காரணம் காட்டுகிறது. பொய்யல்ல. 2020 கணக்கெடுப்புப்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தைகள்தான்.

ஆனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற நெரிசலான பகுதிகளில் அது மட்டும் விடையாகாது. முஸ்லிம் பிள்ளைகள் மதரஸாவுக்குப் போய்விடுகிறார்கள் என்பது பழைய கட்டுக்கதை. தேசிய அளவில் அப்படிப் போவோர் சுமார் 4 சதவீதம்தான் என்று 2006லேயே சச்சார் குழு சொல்லிவிட்டது.

சேர்க்கை வயதைப் பாருங்கள். பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகள் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில்தான் சேர்க்கின்றன. தனியார் பள்ளி மூன்றரை வயதிலேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களும் பெரும்பாலும் அங்கேதான் நிரம்புகின்றன; கட்டணம் அரசுப் பணம். இரண்டு வருடம் பழகிய பள்ளியிலிருந்து எந்தத் தாய் பிள்ளையை மாற்றுவார்? சென்னை மாநகராட்சி தன் பள்ளிகள் பலவற்றில் எல்.கே.ஜி. நடத்துகிறது. ஆனால் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011ல்தான் மாநகராட்சியோடு இணைந்தன.

மீதமிருப்பது கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளும் வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளும்தான். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது விதி. துறைமுகம் நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலையை ஆறு வயதுப் பிள்ளை தனியாகக் கடக்க வேண்டியிருந்தால் அந்த ஒரு கிலோமீட்டரே தூரம்தான். பள்ளியோடு காலை உணவும் போய்விடும்.

மாணவர் வந்தால் மீண்டும் திறப்போம் என்கிறது துறை. மஹல்லா ஜமாஅத்துகள் மாநகராட்சியிடம் முதலில் கேட்க வேண்டியது, நம் பகுதிப் பள்ளியில் எல்.கே.ஜி. எப்போது தொடங்கும் என்பதை.